அடுத்த பந்துக்கு ஆயத்தமாதல்

(கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

நூற்றாண்டு விழாவில் பேச வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, கல்லூரியின் வரலாற்றைப் பற்றியோ பெண் கல்வியைப் பற்றியோ கேட்பார்கள் என்று எண்ணினேன். செயற்குழுவினர் கேட்டது வேறு. "நீங்கள் இந்த வயதிலும் கிழமையில் இரண்டு நாள் மேசைப்பந்து விளையாடுகிறீர்களாம். அதில் எப்படி முன்னேறுவது என்று எங்களுக்கும் சொல்லுங்கோ" என்றார்கள். நான் பயிற்றுநரும் அல்ல, பெரிய வீராங்கனையும் அல்ல. வேலையும் வீடும் போக மிஞ்சும் நேரத்தில் விளையாடும் ஒருத்தி. அப்படி விளையாடுபவர்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

எங்களில் பெரும்பாலானோர் எந்த வயதில் விளையாட்டை விட்டோம் என்று ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடினோம். வலைப்பந்து ஆடினோம். மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் மேசைப்பந்து மட்டையைத் தூக்கினோம். உயர்தரப் பரீட்சை வந்தது. அதோடு சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்கள் பலர். பிறகு மேற்படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைகள், இடப்பெயர்வு, புலப்பெயர்வு. இன்று பிள்ளையை, சிலர் பேரப்பிள்ளையை, பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர்ப் போத்தலை மடியில் வைத்தபடி ஓரத்துக் கதிரையில் இருக்கிறோம்.

அந்தக் கதிரையிலிருந்து எழும்ப விடாமல் எங்களைத் தடுப்பது நேரமின்மை மட்டும்தானா? பரிசளிப்பு விழாக்களில் மேடையேறிப் பழகியவர்கள் நாங்கள். அலுவலகத்திலும் வகுப்பறையிலும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இருக்கிறோம். நாலு பேர் பார்க்க, ஒரு விடயத்தைத் தெரியாதவளாக நிற்பது எங்களுக்குக் கூச்சம். பந்தைத் தவறவிட்டுவிட்டு, குனிந்து பொறுக்கி, மறுபடி தவறவிடுவதைப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்களே என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தால் நாங்கள் இழப்பது ஒரு விளையாட்டை மட்டும் அல்ல. புதிதாக எதையாவது கற்கும் பழக்கமும் அதோடு போய்விடுகிறது.

இப்படி மீண்டும் தொடங்குபவர்களுக்கு மேசைப்பந்து நல்ல விளையாட்டு. வெயிலும் மழையும் பனியும் அதைத் தடுக்காது. மேசை 2.74 மீற்றர் நீளம், 1.525 மீற்றர் அகலம். ஒரு மண்டபத்தின் மூலை போதும். பந்தின் நிறை 2.7 கிராம். ஒருவரோடு ஒருவர் மோதும் விளையாட்டு அல்ல. பதினைந்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பெண்ணும் ஒரே மேசையில் உண்மையாகவே போட்டி போடலாம். முழங்காலோ இருதயமோ தொல்லை தருமானால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு தயங்க வேண்டாம்.

வயதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இரண்டு பெண்களைச் சொல்கிறேன். நீ சியா லியான் 1963 இல் ஷங்காயில் பிறந்தவர். 1983 இல் சீனாவுக்காக உலகப் பட்டம் வென்றவர். பின்னர் லக்ஸம்பேர்க்குக்காக விளையாடினார். ரோக்கியோ ஒலிம்பிக்கில், 58 வயதில், 17 வயதான கொரிய வீராங்கனை ஷின் யூபினோடு ஏழு செற் வரை ஆடித் தோற்றார். 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில், 61 வயதில், முதற்சுற்றில் வென்றார். அவர் வாழ்நாள் முழுவதும் ஆடியவர். அவரைப் போல எங்களால் முடியாது என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் ஸெங் ஸியிங் என்பவரைப் பாருங்கள். சீனாவில் இளவயதில் தேசிய அணியில் இருந்தவர், இருபது வயதளவில் போட்டிகளை விட்டார். சிலி நாட்டுக்குப் போய்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், பிறகு வியாபாரம் செய்தார். கொரோனாக் காலத்தில் மறுபடி மட்டையை எடுத்தார். 58 வயதில், பாரிஸில், தம் வாழ்க்கையின் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தை ஆடினார். அந்த ஆட்டத்தில் தோற்றார். இருந்தாலும் அந்த நாட்டு மக்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

நாங்கள் ஒலிம்பிக்குக்குப் போகப்போவதில்லை. ஆனால் எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு பாடம் இருக்கிறது. நான் இன்று சொல்ல வந்த ஒரே விடயமும் அதுதான். அடித்து முடிந்த பந்தை விட்டுவிட்டு, அடுத்த பந்துக்கு ஆயத்த நிலைக்கு வரப் பழகுங்கள். உடம்பையும் அப்படிப் பழக்குங்கள், மனத்தையும் அப்படிப் பழக்குங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பின்னால் வரும்.

முதலில் உடம்பைப் பார்ப்போம்.

விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் வரும் பந்து மேசையின் முழு நீளத்தையும் கடக்க ஏறக்குறைய கால் விநாடிதான் எடுக்கும். எங்களைப் போன்றவர்களின் ஆட்டத்திலும் இந்த வேகம் வரும். அதற்குள் நினைத்து, தீர்மானித்து, கையை எடுத்துவர நேரம் இல்லை. ஆகவே பந்து வரும்போது நாங்கள் ஏற்கெனவே ஆயத்தமாக நிற்க வேண்டும். கால்களைத் தோளின் அகலத்தைவிடச் சற்று அகட்டி வையுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடியுங்கள். உடம்பின் பாரம் குதிக்காலில் இல்லாமல் முன்பாதத்தில் இருக்கட்டும். மட்டை வயிற்றுக்கு முன்னால், மேசையின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். இதுதான் ஆயத்த நிலை.

மட்டையைப் பிடிக்கும் விதத்தைக் கைகுலுக்கும் பிடி என்பார்கள். ஒருவருக்குக் கைகொடுப்பது போலவே பிடியுங்கள், இறுக்க வேண்டாம். பந்து படும் கணத்தில் மட்டும் விரல்கள் தாமாகவே இறுகும். முழு நேரமும் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கட்டையாகிவிடும், தோள் உயரும், பந்து கட்டுப்பாட்டை விட்டுப் பறக்கும். ஆட்டத்தின் நடுவில் உங்கள் தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் ஒரு மூச்சை வெளியே விட்டு இறக்கிவிடுங்கள்.

புதிதாக ஆடுபவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்கள் ஒரு நல்ல அடி அடித்துவிட்டு, அது எங்கே விழுகிறது என்று நின்று பார்ப்பார்கள். மட்டை காதுக்கருகில் நிற்கும், ஒரு கால் முன்னே நிற்கும். எதிரே நிற்பவர் எப்படியோ அந்தப் பந்தைத் திருப்பிவிட்டால் அடுத்த பந்து போய்விடும். பிறகு "என் போர்ஹான்ட் சரியில்லை" என்று கவலைப்படுவார்கள். போர்ஹான்டில் குறை ஒன்றும் இல்லை. திரும்பி வராததுதான் குறை. ஆகவே ஒவ்வொரு அடியும் மட்டை மறுபடி வயிற்றுக்கு முன்னால் வந்த பிறகுதான் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வீச்சைச் சுருக்குங்கள். மூன்றில் இரண்டு பங்கு பலத்தோடு அடியுங்கள். அடித்தவுடன் இரண்டு சிறிய எட்டு வைத்து இடத்துக்கு வாருங்கள். கையை நீட்டி எட்டிப் பிடிப்பதைவிடக் காலால் போய்ச் சேருவது எப்போதும் நல்லது.

அடுத்தது கண். பந்து வலையைத் தாண்டிய பிறகு அதைப் பார்ப்பது பிந்திய பார்வை. எதிரே நிற்பவரின் மட்டை பந்தில் படும் கணத்தைப் பாருங்கள். மட்டை மேலிருந்து கீழாக இறங்கி, பந்தின் அடியை வெட்டினால் கீழ்ச்சுழல். கீழிருந்து மேலாக ஏறிப் பந்தை உரசினால் மேற்சுழல், அதாவது ரொப் ஸ்பின். கீழ்ச்சுழலோடு வரும் பந்து உங்கள் மட்டையில் பட்டால் கீழே இறங்கி வலைக்குள் போகப் பார்க்கும். அதற்கு மட்டையின் முகத்தை மேல்நோக்கித் திறக்க வேண்டும். மேற்சுழலோடு வரும் பந்து மேலே கிளம்பி மேசைக்கு வெளியே போகப் பார்க்கும். அதற்கு முகத்தை முன்னோக்கிச் சாய்த்து மூட வேண்டும். பந்து வலைக்குள் போனதா, வெளியே போனதா என்பதே உங்களுக்குக் கிடைக்கும் செய்தி. வலைக்குள் போனால் அடுத்த முறை சற்றுத் திறவுங்கள். வெளியே போனால் சற்று மூடுங்கள். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் எதிரே நிற்பவரின் சுழற்சி மந்திரம் போலத் தெரியாது.

பொழுதுபோக்காக ஆடுபவர்களின் கழகங்களில், வயதானவர்கள் சிலர் நீண்ட முள் போன்ற றபர் ஒட்டிய மட்டையோடு வருவார்கள். அவர்களிடம் தோற்றவர்கள், "அது விளையாட்டே இல்லை" என்று கோபிப்பதுண்டு. அது விதிக்கு உட்பட்டதுதான். அந்த றபர் புதிதாகப் பெரிய சுழற்சி எதையும் உண்டாக்காது. நீங்கள் அனுப்பிய சுழற்சியையே பெரும்பாலும் திருப்பித் தரும். நீங்கள் கீழ்ச்சுழலில் அனுப்பினால் அது மெல்லிய மேற்சுழலோடு வரும். நீங்கள் பலத்த மேற்சுழலில் அனுப்பினால் கீழ்ச்சுழலோடு வரும். மட்டையின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருந்த காலம் ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தால் அடித்தார் என்று எதிராளிக்குத் தெரியாமல் போனதால், 1980களில் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஸெங் ஸியிங்கின் இளமைக் கால ஆட்டத்தைப் பாதித்த விதிகளில் அதுவும் ஒன்று. இன்று ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வேறு பளிச்சென்ற நிறம். ஆட்டம் தொடங்குமுன் எதிராளியின் மட்டையை வாங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. எந்த நிறத்தில் எந்த றபர் என்று மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

சேர்விஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த விளையாட்டில் எதிராளியின் குறுக்கீடு இல்லாமல் நாங்கள் அடிக்கும் ஒரே அடி சேர்விஸ்தான். தனியே பழகக்கூடியதும் அது ஒன்றுதான். ஆனாலும் அதைப் பழகுபவர்கள் மிகக் குறைவு. பந்தை விரித்த உள்ளங்கையில் அசையாமல் வைத்து, குறைந்தது 16 சென்ரிமீற்றர் நேராக மேலே எறிந்து, அது இறங்கும்போது அடிக்க வேண்டும். பந்து மேசையின் விளிம்புக்குப் பின்னாலும் மேசை மட்டத்துக்கு மேலேயும் இருக்க வேண்டும். எதிராளியின் பார்வையிலிருந்து மறைக்கவும் கூடாது. நாங்கள் பள்ளியில் கையிலிருந்து நேரே தட்டிவிட்ட சேர்விஸ் இன்று சுற்றுப்போட்டிகளில் செல்லாது.

ஒரு சிறிய வாளியில் நாற்பது, ஐம்பது பந்துகளை வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு தாளைப் போட்டு, அதன் மேல் விழுமாறு பழகுங்கள். பத்து வகைச் சேர்விஸ் வேண்டாம், இரண்டு போதும். ஒரே அசைவு, ஒரே உயரம். ஒன்றில் கீழ்ச்சுழல் இருக்கட்டும், மற்றதில் சுழலே இல்லாதிருக்கட்டும். எதிரே நிற்பவர் இரண்டையும் வேறுபடுத்தத் திணறுவார். சேர்விஸ் போடுமுன், அது எங்கே திரும்பி வரும், அதை நான் என்ன செய்வேன் என்று நினைத்துவிட்டுப் போடுங்கள். சேர்விஸ், எதிராளியின் பதில், அதற்கு எங்கள் அடி என்ற மூன்றையும் ஒன்றாக நினைக்கப் பழகினால் ஆட்டம் உங்கள் கைக்குள் வரும்.

பயிற்சி நேரத்தை நாங்கள் பெரும்பாலும் எப்படிச் செலவிடுகிறோம்? பத்து நிமிடம் தட்டிவிட்டு, பிறகு முழுநேரமும் செற் ஆடுகிறோம். அப்படி ஆடினால் இருக்கிற பழக்கங்கள்தான் இறுகும். ஒன்றரை மணித்தியாலம் இருந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். உடம்பைச் சூடாக்கப் பத்து நிமிடம். இடம் தெரிந்த பந்துகளைத் தொடர்ந்து அடிக்க இருபது நிமிடம். சேர்விஸும் அதற்கு அடுத்த அடியும் இருபது நிமிடம். பந்து எங்கே வரும் என்று தெரியாத பயிற்சி இருபது நிமிடம். செற் இருபது நிமிடம். இதில் முக்கியமானது தெரியாத பந்துப் பயிற்சி. போர்ஹான்டுக்குப் போர்ஹான்டாக நூறு பந்து அடிக்கக்கூடியவர்கள் ஆட்டத்தில் தடுமாறுவதற்குக் காரணம், ஆட்டத்தில் பந்து சொல்லிவிட்டு வராததுதான். துணைக்கு நிற்பவர் இரண்டு பந்தைப் பாக்ஹான்டுக்குத் தந்துவிட்டு, மூன்றாவதை விரும்பிய இடத்துக்கு அனுப்பட்டும். அந்த மூன்றாவது பந்துக்கு நீங்கள் ஆயத்த நிலையில் இருந்தீர்களா என்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு காலத்துக்கு ஒரு திருத்தம்தான். இந்த மாதம் கால், அடுத்த மாதம் சேர்விஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைகூடிய, வேகமான மட்டையை வாங்கினால் முன்னேறலாம் என்று நினைக்க வேண்டாம். வேகமான மட்டை பிழையையும் வேகமாக்கும். கட்டுப்பாட்டுக்கென்று செய்த சாதாரண மட்டை நல்லது. ஆனால் றபர் காய்ந்து வழுவழுப்பாகிவிட்ட பழைய மட்டையால் சுழற்சியைக் கற்கவே முடியாது. ஆடி முடிந்ததும் ஈரப் பஞ்சால் றபரைத் துடைத்து வையுங்கள்.

இனி மனம்.

நாங்கள் பள்ளியில் ஆடியபோது ஒரு செற் 21 புள்ளி, ஐந்து புள்ளிக்கு ஒருமுறை சேர்விஸ் மாறும் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பந்தும் சிறியது, 38 மில்லிமீற்றர். 2000 ஆம் ஆண்டில் பந்து 40 மில்லிமீற்றர் ஆனது. 2001 இல் செற் 11 புள்ளியாகக் குறைந்து, இரண்டு புள்ளிக்கு ஒருமுறை சேர்விஸ் மாறத் தொடங்கியது. 2014 முதல் செலுலொயிட்டுக்குப் பதிலாக வேறு பிளாஸ்ரிக் பந்து வந்தது. பெரிய பந்து சற்று மெதுவாக வருவதும் சுழற்சி குறைவதும் எங்களைப் போன்றவர்களுக்கு உதவி. ஆனால் 11 புள்ளிச் செற்றில் மனம் கலங்கி நிற்க நேரம் இல்லை. 21 இல் மூன்று புள்ளியை வீணாக்கினால் ஈடுசெய்யலாம். 11 இல் மூன்று புள்ளி என்பது செற்றில் கால் பங்குக்கு மேல்.

புள்ளியை இழந்தவுடன் மனம் இரண்டு இடங்களுக்கு ஓடும். ஒன்று, போன பந்துக்கு: "ஐயோ, அந்த லேசான பந்தைப் போய்..." மற்றது, வராத முடிவுக்கு: "இந்தப் பிள்ளையிடம் தோற்கப்போகிறேன்." இரண்டு இடத்திலும் பந்து இல்லை. ஆகவே இரண்டு புள்ளிகளுக்கு இடையில் செய்வதற்கென்று ஒரு சிறு ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு முதுகைக் காட்டி ஒருமுறை திரும்புங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். அடுத்த பந்துக்கு ஒரே ஒரு திட்டத்தை மனத்துக்குள் சொல்லுங்கள்: "குறுகிய சேர்விஸ், திரும்பி வந்தால் அவருடைய பாக்ஹான்டுக்கு." பிறகு திரும்பி, ஆயத்த நிலையில் நில்லுங்கள். ஆறு புள்ளிக்கு ஒருமுறை துவாயால் முகம் துடைக்க விதி இடம் தருகிறது. செற்றுகளுக்கு இடையில் ஒரு நிமிடம் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஒருமுறை ஒரு நிமிட இடைவேளையும் கேட்கலாம். பெரிய வீரர்கள் வியர்க்காதபோதும் துவாயை எடுப்பார்கள். அது மனத்தைத் துடைக்கும் நேரம். நாங்கள் மட்டும் எதிரே நிற்பவரைக் காக்க வைக்கக் கூடாது என்று அவசரப்படுகிறோம். விதி தந்த நேரத்தை எடுத்துக்கொள்வது மரியாதைக் குறைவு அல்ல.

இதோடு சேர்த்து எங்கள் பெண்களிடம் நான் காணும் இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் "சொறி" சொல்கிறோம். பந்து வெளியே போனால் சொறி. வலைக்குள் போனால் சொறி. நன்றாக அடித்து எதிரே நிற்பவரால் எடுக்க முடியாமல் போனாலும் சொறி! ஒரு மாலை நேரத்தில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மேசைப்பந்து மரபில் மன்னிப்புக் கேட்க இரண்டு இடங்கள்தான் உண்டு: பந்து வலையில் தட்டி விழுந்து புள்ளி கிடைத்தால், அல்லது மேசையின் விளிம்பில் பட்டு புள்ளி கிடைத்தால். அதற்குக் கையைச் சற்று உயர்த்தினால் போதும். தவறவிட்ட பந்துக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அது கற்றலின் ஒரு பகுதி. வென்ற புள்ளிக்கும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அது உங்கள் உழைப்பின் பலன். "சொறி" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மனம் போன பந்துக்கே திரும்பிப் போகிறது. அந்தச் சொல்லை விட்டாலே ஆட்டம் முன்னேறுவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

வெற்றி தோல்வியைப் பற்றி ஒரு சொல். தோற்பது யாருக்கும் பிடிக்காது, பிடிக்கிறது என்று சொல்லவும் வேண்டாம். ஆனால் பயிற்சி ஆட்டத்துக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை மறக்கக் கூடாது. பயிற்சி ஆட்டத்தில் புள்ளிக்குப் புறம்பாக ஓர் இலக்கு வையுங்கள். "இன்று நீளமாக வரும் ஒவ்வொரு பந்தையும் தள்ளிவிடாமல் மேற்சுழலில் அடிப்பேன்" என்பது ஓர் இலக்கு. அப்படி அடித்து 11க்கு 4 என்று தோற்றாலும், நீங்கள் போன காரியம் நடந்திருக்கிறது. எல்லாப் பந்தையும் தள்ளித் தள்ளி வென்றால், அன்று வென்றீர்கள், கற்றது ஒன்றும் இல்லை. புதிய அடியைப் பழகத் தொடங்கும் முதற்சில கிழமைகளில் பழைய ஆட்டத்தைவிட மோசமாகத்தான் ஆடுவீர்கள். பலர் அந்த இடத்தில்தான் பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த இடத்தைத் தாண்டுவதற்குத்தான் பொறுமை தேவை.

உங்களை வென்றவரிடம் போய், "நான் எங்கே உங்களுக்குச் சுலபமாக இருந்தேன்?" என்று கேளுங்கள். பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். "அன்ரி, நீங்கள் நடுவில், முழங்கைப் பக்கம் வாற பந்துக்கு எந்தப் பக்கத்தால் அடிக்கிறது என்று யோசிக்கிறீங்கள்" என்று அந்தப் பிள்ளை சொல்லும். போர்ஹான்டுக்கும் பாக்ஹான்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடம் எல்லோருக்கும் சங்கடமானது. அடுத்த கிழமை நீங்களும் அந்தப் பிள்ளையின் முழங்கையைப் பார்த்து அனுப்பலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: இன்று சரிவந்தது என்ன, சரிவராதது என்ன, அடுத்த நாள் பழக வேண்டியது என்ன. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் கொப்பியைப் புரட்டினால், முன்னேறவே இல்லை என்று நீங்கள் நினைத்த காலத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

கொழும்பிலோ, யாழ்ப்பாணத்திலோ, லண்டனிலோ, ரொறன்ரோவிலோ, மெல்பேணிலோ இருந்து இந்த மலரைப் படிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். உங்கள் அயலில் உள்ள சனசமூக நிலையத்திலோ விளையாட்டுக் கழகத்திலோ ஒரு மேசை இருக்கக்கூடும். அங்கே ஆண்கள் மட்டும் நின்று ஆடினாலும், "அடுத்த செற் நான்" என்று சொல்லி மட்டையை எடுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் வகுப்புத் தோழி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாற்பது வயதிலிருந்து தொண்ணூறு வயது வரைக்கும் வயதுப் பிரிவுகள் வைத்து உலகப் போட்டிகளே நடத்துகிறார்கள். 1982 இல் சுவீடனில் தொடங்கியது அது. ஆகவே பிந்திவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்று இந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலர் பின்வரிசையில் இருக்கிறார்கள். உயர்தரம் வந்ததும் விளையாட்டை விட வேண்டும் என்று அவர்களிடம் நாங்கள் வாயால் சொல்வதில்லை. எங்கள் வாழ்க்கையால் சொல்லிவிடுகிறோம். அம்மாவோ பெரியம்மாவோ ஐம்பது வயதில் பந்தைத் தவறவிட்டு, சிரித்து, குனிந்து எடுத்து, மறுபடி ஆயத்தமாக நிற்பதை அவர்கள் பார்க்கட்டும். புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை அதிலிருந்து அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் சிறக்க வாழ்த்துகிறேன். தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் பின்பக்கம் மேசை விரித்திருக்கும். மட்டைகளும் இருக்கின்றன, சாரியோடு ஆடவும் தடை இல்லை. வாருங்கள்.